பதினேழாம் இணைப்பு

கொண்டலாம்பட்டி பைபாஸுக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட பட்டறை.
ராத்திரி பதினொன்றுக்கு மஞ்சள் கயிறு கட்டி
எல்லோரையும் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு
இரிடியத்தைக் குழாய் வழியே தள்ளி
கொதிகலனைப் படம் எடுத்தோம்.
கயிற்றைத் தாண்டி வந்தது ஒரு நாய் மட்டும்.
அதை விரட்டிவிட்டு
மறுபடி முதலிலிருந்து.

காலையில் பிலிம் காய்ந்ததும்
வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன்.
அளவுக் கம்பிகளில் ஆறாவது தெரிகிறது.
படம் பொய் சொல்லவில்லை.

பதினாறு வரை சுத்தம்.
பதினேழில்
வெளுத்த தையலின் நடுவே
கறுப்பாய்க் கடுகு சிதறிக் கிடந்தது.
உருகும்போது உள்ளே போய்
உறைவதற்குள் வெளியே வர வழி கிடைக்காத காற்று.
வெளியிலிருந்து பார்த்தால்
காசுமாலையைப் படுக்கவைத்தது போல
அவ்வளவு அழகு அந்தத் தையல்.

"கடுகளவுதானேங்க" என்றார் முதலாளி.
ஆத்தூர் சேகோ ஆலைக்குப் போக
லாரி வாசலில் நிற்கிறது.
டிரைவர் கேபினில் கால் நீட்டித் தூங்குகிறார்.
நீராவிக்கும் கடுகளவு போதும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பற்றவைத்தவர் அர்த்தநாரி.
இரண்டு பாதியும் ஒன்றாய் நிற்கும் சாமியின் பெயர்.
என் ரிப்போர்ட்டில் அவர் வெறும் நான்காம் எண்.
சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.
கையை வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு
"நான் பாக்கலாமா மேடம்" என்றார்.

பத்தொன்பது வருஷமாய் இரும்பு ஒட்டுகிறவர்
தன் ஒட்டின் உள்ளே பார்ப்பது இதுதான் முதல் முறை.
பிலிமின் ஓரத்தை மட்டும் பிடித்தார்,
யாரும் சொல்லித்தராமலே.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு விரல் தொடாமல் காட்டினார்:
"இங்க ராடு மாத்துனேன்.
இங்க பொண்ணு போன் பண்ணுச்சு, எடுக்கல.
இங்கிருந்துதான்... புது கட்டு பிரிச்சேன்."

புது கட்டு.
ராடு உலர்த்தும் ஓவனைத் திறந்தேன்.
ராடுகளுக்கு மேல் மூன்று டிபன் பாக்ஸ்,
ஒன்றில் எலுமிச்சை சாதம்.
சூடு தாங்காமல் மூடி உருகும் என்று
யாரோ புண்ணியவான்
ஓவனின் சூட்டைப் பாதியாய்க் குறைத்திருக்கிறார்.
ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கிய மழை
நாலு நாளாய்க் காற்றிலேயே நின்றது.
ராடு அதைக் குடித்து
அர்த்தநாரியின் கை வழியே
தகட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

தோண்டினோம்.
அரைக்க அரைக்கத் துளைகள் ஒவ்வொன்றாய் வாய் திறந்தன.
உலர்த்திய ராடு, சூடேற்றிய தகடு,
ஒவ்வொரு வரிசைக்கும் கசடு தட்டித் துடைப்பு.
மாலை ஐந்துக்கு முடிந்தது.
"இப்ப எடுங்க படத்தை" என்றார் முதலாளி.
நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து என்றேன்.
கனத்த தகட்டில் விரிசல் உடனே வராது.
எல்லோரும் கைகழுவி வீட்டுக்குப் போனபின்
ஆறிய இரும்பில்
யோசித்து, யோசித்து வரும்.
லாரி காலியாகக் கிளம்பிப் போனது,
ஹாரன் அடித்துக்கொண்டே.

இரண்டு நாள் கழித்துப் புதுப் படம் எடுத்தோம்.
கடுகு இல்லை.
மேற்பரப்புக்குச் சிவப்பு மையைப் பூசினேன், துடைத்தேன்,
வெள்ளையைத் தெளித்தேன்.
சுண்ணாம்புக் கரட்டு மண் போல வெள்ளை.
விரிசல் இருந்தால்
அதன் வழியே சிவப்பு கசியவேண்டும்.
பத்து நிமிஷம் குந்தியபடி பார்த்திருந்தேன்.
கால் மரத்துப் போயிற்று.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"என்ன மேடம், ஒண்ணுமில்லியேன்னு வருத்தமா?"
பின்னாலிருந்து அர்த்தநாரி.
இல்லை என்றேன்.
கொஞ்சம் இருந்தது.

பழைய பிலிமை அவர் கேட்டார்.
ஐந்து வருஷம் கோப்பில் இருக்கவேண்டும், தர முடியாது.
வெளிச்சப் பெட்டியில் வைத்து
போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.
யாருக்குக் காட்டுவார், என்ன சொல்லி,
நான் கேட்கவில்லை.

'ஏற்கத்தக்கது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு
வெளியே வரும்போது
ஓவன் கதவில் சாக்பீஸ் எழுத்து:
உள்ளே சோறு வைக்காதே.
மூன்று டிபன் பாக்ஸும்
இப்போது ஓவனின் மேல்.
அதைப் பற்றி
விதிப் புத்தகத்தில் எதுவும் இல்லை.